மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக் கட்டம்

மூன்று மாதம் முன்னால், நான் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவிலிருந்து ஒருவர் போன் செய்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் பத்து நிமிடம் கணினி வழியாகப் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்: 'சுற்றுலாத் தொழிலில் சரிபார்க்கப்பட்ட பசுமைச் சான்றிதழின் வணிக மதிப்பு.' சங்கரன்கோவிலில் வீட்டில் இருந்தபடியே பேசலாம், நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் போதும், சட்டை மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க யோசிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. 'சரிபார்க்கப்பட்ட' என்ற சொல்லை அந்த மனிதர் எவ்வளவு கூசாமல் சொன்னார் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

காரணம் இருக்கிறது. அந்த அழைப்புக்கு இரண்டு வாரம் முன்னால் என் மைத்துனர் மகளுக்கு நிச்சயதார்த்தம். சிவகிரி போகிற சாலையில் புதிதாக வந்திருக்கும் ஒரு விடுதியில் வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே வரவேற்பு மேசைக்கு மேல் எங்கள் நிறுவனச் சான்றிதழின் பச்சை இலைச் சின்னம், கண்ணாடிச் சட்டம் போட்டு, அதற்கென்று ஒரு விளக்கும் போட்டு மாட்டியிருந்தார்கள். பழக்கதோஷம், பந்தி நடக்கும்போதே நான் பின்பக்கம் போனேன். சமையல்கட்டுத் தண்ணீரும் துணி வெளுத்த தண்ணீரும் ஒரே குழாயில் சேர்ந்து, சுற்றுச்சுவரில் போட்ட ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. ஓடை முழுக்க நுரை. திரும்பி வந்து மேலாளரிடம், சான்றிதழுக்கு யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் வரல சார். எல்லாம் போன்லயே முடிஞ்சிட்டு. கேட்ட போட்டோவ எடுத்து அனுப்புனோம், எட்டு நாள்ல இலை வந்துட்டு" என்றார்.

அவர் எதையும் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியாது. வேலை சுலபமாக முடிந்த பெருமைதான் முகத்தில் இருந்தது. நான் சாப்பிடாமல் கிளம்பி வந்ததற்கு என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

பத்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். யாரைத் திட்டி எழுதுகிறேனோ அந்த வரிசையில் நானும் நிற்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மதுரையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினெட்டு வருடம் குப்பி கழுவியவன் நான். அதை மூடிவிட்டார்கள். நாற்பத்துநாலு வயதில் இந்தச் சான்றிதழ் நிறுவனத்தில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். சென்னையில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். தலையணை கனத்தில் ஒரு வெளிநாட்டுக் கையேடு தந்தார்கள். அதில் பனி கொட்டினால் பாதையில் உப்பு தூவலாமா என்று ஒரு அத்தியாயமே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டுதான் திருநெல்வேலி அலுவலகத்துக்கு வந்தேன். குற்றாலம், மலையடிவாரம், கடற்கரை என்று தெற்கில் இருந்த விடுதிகள் எல்லாம் எங்கள் பொறுப்பு.

அங்கே எனக்கு மேலதிகாரி பியூலா மேடம். பாளையங்கோட்டைக்காரர். என்னைவிட எட்டு வயது சின்னவர். அதனால் அலுவலகத்தில் எல்லோரும் சார் என்று கூப்பிட, அவர் மட்டும் என்னை அண்ணாச்சி என்பார். வாய் அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் விடுதி முதலாளிகள் அவர் பெயரைக் கேட்டால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அவர் வேலை செய்யும் விதம் இதுதான். எந்த விடுதிக்குப் போனாலும் முன்வாசல் வழியாக நுழையமாட்டார். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, சுற்றுச்சுவரை ஒட்டியே ஒரு முழு சுற்று நடப்பார். தண்ணீர் எங்கே உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் மற்றது. குப்பையில் ஒரு வாளியைக் குறித்துக்கொண்டு, அது அறையிலிருந்து கிளம்பிக் கடைசியாக எங்கே கொட்டப்படுகிறதோ அதுவரைக்கும் பின்னாலேயே போவார். துணி வெளுக்கும் பெண்களின் கைகளைப் பார்ப்பார். தோல் உரிந்திருந்தால் என்ன தூள் போடுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்பார், முதலாளியிடம் கேட்கமாட்டார். வேலை முடியும்வரை அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். எங்களுக்கும் அதே சட்டம். குற்றாலத்தில் ஒரு முதலாளி இலை போட்டுக் கூட்டு பொரியலெல்லாம் பரிமாறிவிட்டுக் கெஞ்சினார். மேடம் பையிலிருந்த டப்பாவை எடுத்து, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. அந்த இலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நான் கொண்டுவந்த இட்லியை விழுங்கினேன்.

இன்னொன்று, பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். எழுதியதை முதலாளிக்கு வாசித்துக் காட்டி, அங்கேயே கையெழுத்து வாங்க வேண்டும். "வீட்டுக்குப் போயி எழுதுனா நம்ம மனசு இரக்கப்படும் அண்ணாச்சி, இல்லன்னா கோவப்படும். ரெண்டும் ஆகாது" என்பார்.

கழிவுநீர் நிலத்துக்குள் கசிகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சோதனை உண்டு. அதற்கு ஒரு சாயப் பொடி இருக்கிறது. பார்க்கச் செங்கல் பொடி மாதிரி இருக்கும், தண்ணீரில் பட்டதும் கண்ணைப் பறிக்கும் பச்சை. உடம்புக்குக் கெடுதல் செய்யாதது. அதைக் கரைத்து விடுதியின் கழிப்பறைகளில் ஊற்றுவோம். பிறகு பள்ளத்தில் இருக்கும் கிணறு, ஓடை, வாய்க்கால் எல்லாவற்றையும் மூன்று நாள் பார்க்க வேண்டும். காலை ஆறு மணி, நண்பகல், மாலை ஆறு மணி. ஒரு தாளில் ஒன்பது கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று அந்தந்த நேரத்தில், அந்தந்த இடத்தில் நின்று எழுத வேண்டும். ஊற்றுவதற்கு முன்னால் கீழே குடியிருப்பவர்களிடம் போய், இப்படிச் செய்யப் போகிறோம், பச்சையாக வந்தால் பயப்படாதீர்கள், உடனே சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். மூன்று நாள் எதற்கு, ஒரு நாள் போதாதா என்று நான் ஒருமுறை கேட்டேன். தண்ணீருக்கு நம்மைப் போல அவசரம் கிடையாது என்றார் மேடம்.

இதற்கெல்லாம் வணிக மதிப்பு எங்கே என்று கேட்பார்கள். புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் கோமதிநாயகம் என்று ஒருவர் இருக்கிறார். எலுமிச்சைத் தோட்டக்காரர். தோட்டத்துக்குள் ஓட்டுக் கூரை போட்டு ஆறு அறைகள் கட்டி விடுதி ஆரம்பித்தார். முதல் இரண்டு வருடம் ஈ ஓட்டினார். அப்போது கொச்சியில் ஒரு ஏஜென்ட் இருந்தார், ஐரோப்பாவிலிருந்து பறவை பார்க்க வருகிறவர்களைக் கூட்டி வருபவர். அவருடைய கம்பெனிக்கு ஒரே ஒரு நிபந்தனை, நேரில் வந்து சரிபார்த்துக் கொடுத்த சான்றிதழ் இருந்தால்தான் அந்த விடுதிக்கு ஆள் அனுப்புவார்கள். கோமதிநாயகம் முட்டி மோதி எங்கள் இலையை வாங்கினார். அந்தக் கார்த்திகையிலிருந்து மாசி வரை ஆறு அறைகளும் காலியாகவே இல்லை. தோட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிற சின்னக் குடியிருப்பிலிருந்து பதினோரு பெண்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். அதற்கு முன் விடிவதற்குள் வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருத்திதான் பேச்சியம்மாள், துணி வெளுக்கும் பகுதியைப் பார்த்துக்கொண்டவள். ஆள் அனுப்புகிறவனுக்கு மலையையும் தெரியாது, கோமதிநாயகத்தையும் தெரியாது. யாரோ ஒருவர் போய் நின்று பார்த்தார் என்ற ஒரே நம்பிக்கையில் அனுப்புகிறான். அந்த நம்பிக்கைதான் சரக்கு. இலைப் படம் அதைச் சுற்றிவந்த காகிதம்.

அந்தச் சரக்கில் கலப்படம் செய்தவன் நான்.

கோமதிநாயகம் நாலாம் வருடம் மேலும் நாலு அறைகள் கட்டினார். அதற்குப் புதிதாக ஒரு கழிவுநீர்த் தொட்டி. சான்றிதழைப் புதுப்பிக்க ஆடி மாதத்தில் சாயச் சோதனைக்கு என்னை அனுப்பினார்கள். முந்தின நாளே கீழே குடியிருப்புக்குப் போய்க் கிணற்றடியில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். பேச்சியம்மாளிடம் தனியாக, பச்சை தெரிந்தால் எந்நேரமானாலும் வந்து என்னிடம் சொல்ல வேண்டும், நான் விடுதியில்தான் இருப்பேன் என்றும் சொன்னேன். மறுநாள் விடியற்காலையில் பொடியைக் கரைத்து ஊற்றினேன். காலை ஆறு மணிக்குக் கிணற்றில் இல்லை. நண்பகலில் இல்லை. மாலையிலும் இல்லை. மூன்று கட்டத்தையும் கிணற்றடியில் நின்றே எழுதினேன். அதுவரை எல்லாம் சுத்தம்.

அடுத்த நாள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு, கோயிலின் பெரிய திருவிழா. எங்களுக்கு அந்த ஒரு நாள் எப்படிப்பட்டது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மும்பையிலிருந்து தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். பெரிய அக்கா வந்திருந்தாள். வீடு கொள்ளாத ஆட்கள். நான் கோமதிநாயகத்திடம் வாய் தவறிச் சொன்னேனோ, வேண்டுமென்றே சொன்னேனோ, இன்றைக்கும் எனக்கே தெரியாது. அவர் உடனே, "தபசுக்கு ஊர்ல இல்லாம இங்கன என்ன சார் செய்யப் போறீய? நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர் கள்ளம் நினைத்துச் சொல்லவில்லை. நல்ல மனிதர், புதுத் தொட்டியில் கோளாறு இருக்கும் என்று அவரும் நினைக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விடுதி வராந்தாவில் உட்கார்ந்து மீதி ஆறு கட்டத்தையும் நிரப்பினேன். இல்லை, இல்லை, இல்லை, இல்லை, இல்லை, இல்லை. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, முழுசாய் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்ப வந்து எழுதினால் மை வேறாகத் தெரியும் என்று வேறு யோசித்தேன். கோமதிநாயகம் கீழே கையெழுத்துப் போட்டார். ஏழு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய வியாதி இது. நல்லவன் வீடு என்று தெரிந்துவிட்டால் சோதனையின் முடிவும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். அப்புறம் கட்டம் நிரப்புவது வெறும் எழுத்து வேலையாகிவிடும்.

மறுநாள் நண்பகலில் கிணறு பச்சையாகிவிட்டது. பேச்சியம்மாள் குடத்தைப் போட்டுவிட்டு விடுதிக்கு ஓடியிருக்கிறாள், என்னிடம் சொல்ல. நான் இல்லை. மேற்பார்வையாளர் சாயங்காலம் முதலாளி வரட்டும் என்றாராம். நாங்கள் சான்றிதழ் கொடுத்த ஒவ்வொரு விடுதியிலும், வேலை செய்கிறவர்கள் கண்ணில் படும்படி எங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணை ஒட்டிவைக்க வேண்டும் என்று விதி உண்டு. வெளுக்கும் அறைக் கதவில் ஒட்டியிருந்த அந்த எண்ணுக்கு அவள் போன் செய்தாள். எடுத்தது பியூலா மேடம்.

நான் அப்போது தெற்கு ரத வீதியில் கூட்டத்துக்குள் நிற்கிறேன். தம்பி மகன் என் தோளில். போன் அடித்தது.

"அண்ணாச்சி, எங்கன இருக்கீய?"

"கிணத்துப் பக்கந்தான் மேடம்."

என் தலைக்கு மேலே ஒலிபெருக்கியில், காணாமல் போன ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லிக் காவல் உதவி மையத்துக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மைக் சத்தம் கேக்கு சார்" என்றார். வைத்துவிட்டார்.

ஆறு வருடத்தில் அவர் என்னை சார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மூன்றாம் நாள் காலை நான் போய்ச் சேர்வதற்கு முன்பே மேடம் திருநெல்வேலியிலிருந்து வந்து கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றார். குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் காலிக் குடங்களோடு இருந்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தேன். அந்தப் பச்சையை எத்தனையோ தடவை குப்பியில் பார்த்திருக்கிறேன். குடிக்கிற கிணற்றில் பார்த்ததில்லை. சாயம் குடித்தால் கெடுதல் இல்லைதான். ஆனால் சாயம் வந்த வழியாகத்தானே இத்தனை நாளும் மற்றதும் வந்திருக்கும்? அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது புரிந்திருந்தது. கடந்த சில மாதமாகப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம் என்று ஒருத்தி மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடம் என்னிடம் தாளைக் கேட்டார். அது என் பையில்தான் இருந்தது. வழியில் கிழித்துப் போட்டிருக்கலாம், அந்தப் புத்திகூட வரவில்லை. வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்து, "எழுதுனத வாசிச்சுக் காட்டணும்லா சார். வாசிங்க" என்றார்.

வாசித்தேன். முதல் நாள் காலை ஆறு மணி, இல்லை. நண்பகல், இல்லை. மாலை, இல்லை. இரண்டாம் நாள் காலை, இல்லை. இரண்டாம் நாள் நண்பகல் என்று சொல்லி நிறுத்தினேன். மேலே வாசிங்க என்றார். இல்லை என்று வாசித்தேன். பச்சைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அதே கிணற்றைப் பற்றி இல்லை இல்லை என்று கடைசிவரை வாசித்தேன். மூன்றாம் நாள் மாலை ஆறு மணி, இல்லை.

பேச்சியம்மாள்தான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை, கணக்கு புரியாதவள் கேட்பதுபோலக் கேட்டாள். "சாயந்திரம் இன்னும் வரலையே சார்?"

அன்றைக்கே மேடம் சான்றிதழை ரத்து செய்தார். காரணத்தை எங்கள் இணையப் பட்டியலில் எல்லோரும் படிக்கும்படி போட்டார். ஆய்வாளர் பொய்யாகப் பதிவு செய்ததும் அதில் இருந்தது. கொச்சி ஏஜென்டிடம் அவரே போனில் சொன்னார். கோமதிநாயகம், வெளியே தெரியாமல் இரண்டு மாதம் தள்ளிவைக்கக் கூடாதா, அதற்குள் சரிசெய்துவிடுகிறேனே என்று கெஞ்சினார். குடியிருப்புப் பெண்களில் சிலரும் அவருக்காகப் பேசினார்கள். அவர்கள் வேலை போய்விடுமே. பேச்சியம்மாள் மட்டும், "எங்களுக்குக் கெணறும் வேணும், வேலையும் வேணும். ரெண்டுல ஒண்ணுன்னு எங்ககிட்ட கேக்காதிய" என்றாள். மேடம் ரத்தை மாற்றவில்லை.

தோண்டிப் பார்த்ததில், புதுத் தொட்டிக்கு அடியில் பழைய காலத்து மண்குழாய் ஒன்று புதைந்து கிடந்தது. எப்போதோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் பதித்தது. தொட்டியின் கசிவு அதற்குள் இறங்கி நேராகக் கிணற்றுப் பக்கம் போயிருக்கிறது. கோமதிநாயகம் அதைப் பெயர்த்தெடுத்தார். புதிதாகத் தொட்டி கட்டி, நாணல் பாத்தி போட்டு, அதில் கழிவுநீர் வடிந்து சுத்தமாகிற மாதிரி செய்தார். கிணற்றை முழுக்க இறைத்துத் தூர் வாரிக் கொடுத்தார். அந்தப் பருவம் பூராவும் அறைகள் பூட்டிக் கிடந்தன. பதினோரு பெண்களில் ஏழு பேர் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏறினார்கள். என்னை ஆறு மாதம் களத்துக்கு அனுப்பாமல் அலுவலகத்தில் மற்றவர்கள் அறிக்கையைத் தட்டச்சு செய்ய வைத்தார்கள். வேலையை விட்டுத் துரத்தியிருக்க வேண்டும். ஏன் துரத்தவில்லை என்று பிறகு மேடத்திடம் கேட்டேன். இனி நீங்கள் கட்டத்தை முன்னாலேயே நிரப்பமாட்டீர்கள், புதிதாக வருகிறவனைப் பற்றி எனக்கு அந்த உறுதி கிடையாது என்றார். அந்தத் தாளை என்னிடமே கொடுத்துவிட்டார். கோப்பில் நகல் போதுமாம்.

அடுத்த ஆடியில் அதே விடுதிக்கு மறுபடி சாயம் ஊற்ற என்னையே அனுப்பினார். மூன்று நாளும் கிணற்றை விட்டு நகரவில்லை. தபசுக்கு நான் ஊரில் இல்லாத முதல் வருடம் அது. ஒன்பது கட்டமும் இல்லை. சான்றிதழ் திரும்பக் கிடைத்தது. இப்போது கேளுங்கள் வணிக மதிப்பை. கொச்சி ஏஜென்ட் தானே நேரில் வந்து, இனி எத்தனை குழுவானாலும் முதலில் இந்த விடுதிக்குத்தான் என்றார். காரணம் கேட்டதற்கு, ரத்து செய்யத் தெரிந்தவர்கள் கொடுக்கும் சான்றிதழ்தான் எங்களுக்குச் சான்றிதழ், தோற்றவர் பெயரே இல்லாத பட்டியலை வைத்து நாங்கள் என்ன செய்ய என்றார். வேன் ஏறிய ஏழு பேரும் திரும்பி வந்தார்கள். அவமானத்தில் முடிந்திருக்க வேண்டியது இப்படி முடிந்ததில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அது முழுக்க பியூலா மேடத்தின் வேலை.

அப்படிச் சேர்த்த பெயரைத்தான் இப்போது கூறுபோட்டு விற்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற மறுவருடம் நிறுவனம் கைமாறியது. ஆய்வாளர்களைக் குறைத்தார்கள். போனில் ஒரு செயலி. விடுதிக்காரரே கேள்விக்குப் பதில் எழுதி, படமெடுத்து அனுப்பினால் இலை வந்துவிடும். நாணல் பாத்தி இருக்கிறதா என்று கேட்டால் யார் வீட்டு நாணலையோ படமெடுத்து அனுப்புகிறார்கள். தோற்றவர் என்று யாருமே இல்லை. இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு மேடம் வெளியேறினார். எனக்கு ஆத்திரம் என்னவென்றால், ஒன்பது கட்டத்தையும் முன்னாலேயே நிரப்புகிற பொய்யை நான் ஒரு நாள் செய்தேன், அதற்கு ஊர் நடுவே தண்டனை வாங்கினேன். இவர்கள் அதையே தொழில்முறை ஆக்கி, அதற்கு நவீனம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரம் கோமதிநாயகம் என் வீட்டுக்கு வந்தார். கொச்சியில் சொல்லிவிட்டார்களாம், இனி அந்த இலையை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, எல்லார் சுவரிலும் தொங்குகிறது, வாடகை யார் குறைக்கிறார்களோ அங்கே போகிறோம் என்று. சிவகிரி சாலை விடுதிக்காரர் குறைக்கிறார். குறைக்க அவருக்கு என்ன கஷ்டம்? ஓடை இலவசம்.

"நான் மட்டும் ஏன் அந்தப் பாத்தியக் கெட்டிக்கிட்டு அழணும் சார்? அத மூடிட்டு அங்கன ரெண்டு ரூம் போடுவோம்னு எம் மவன் சொல்லுதான். தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார்.

பாத்தியை மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், மூடுவதற்கு முன்னால் ஒருமுறை சாயம் ஊற்றிப் பார்ப்போமா, இந்தத் தடவை நிறுவனம் இல்லாமல், கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவர்களே கட்டத்தை நிரப்பட்டும். ஏஜென்டுக்கும் சொல்லுங்கள், வேண்டுமானால் வந்து உட்காரட்டும்.

ஊற்றினோம். பேச்சியம்மாளுக்கு இப்போது முடி நரைத்துவிட்டது, அவள் மருமகளும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். காலை, நண்பகல், மாலை என்று ஒவ்வொரு வேளைக்கும் ஒருத்தி எட்டிப் பார்த்து, எழுதி, பெயரைப் போட்டாள். கொச்சி ஏஜென்ட் இரண்டாம் நாள் வந்து சேர்ந்தார், மூன்றாம் நாள் முழுக்கக் கல்லில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக் கட்டத்தைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். ஆறு அடிக்க அஞ்சு நிமிடம் இருந்தது. அந்த அஞ்சு நிமிடமும் அவள் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. பிறகு எட்டிப் பார்த்தாள், ஒரு வாளி இறைத்தாள், ஒரு வாய் குடித்தாள், எழுதினாள். இல்லை.

இந்தக் கார்த்திகைக்கு இரண்டு குழுவை அனுப்புவதாக ஏஜென்ட் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் பார்க்கலாம் என்கிறார். பாத்தி இந்த வருடத்துக்குத் தப்பித்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

செய்தி எப்படியோ நிறுவனத்துக்குப் போய்விட்டது. பயிற்சிப் பிரிவுக்காரர் மறுபடி போன் செய்தார். அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்ப வேண்டுமாம், செயலியில் முன்மாதிரி என்று போடுவார்களாம். நான் அப்போது கோமதிநாயகத்தின் விடுதியில்தான் இருந்தேன். போனைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். முழுதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நாங்க மூணு நாளு குத்தவச்சுப் பாத்தத நீங்க எதுக்கு சார் போட்டோல பாக்கணும்? பஸ் இருக்குல்லா, வாங்க."

போன் என் கைக்குத் திரும்பியதும் அவரிடம் சொன்னேன், நீங்கள் கேட்ட பத்து நிமிடம் பேசத் தயார். பளிச்சென்று சட்டையும் போட்டுக்கொள்கிறேன். ஆனால் என் கையில் ஒரு தாள் இருக்கும். பழைய தாள், என் கையெழுத்து. சாயங்காலம் வருவதற்கு முன்னாலேயே சாயங்காலத்தை எழுதிவைத்த தாள். அதைக் காட்டி, அந்த நேரம் கிணறு என்ன நிறத்தில் இருந்தது என்றும் சொல்லித்தான் பேசுவேன், அதற்குச் சம்மதமா என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஐந்து வாரம் ஆகிறது. இன்று வரை பதில் இல்லை.